கொடிக்கயிறு யார் கையில்?

(மாலைநேரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர் அரசு, அதிகாரம், கருத்தியல் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எனக்கு அந்த அளவுக்குக் கோட்பாடு வராது. பதினெட்டு வருஷமா எங்க காலனி மன்றத்துத் திண்ணையில, சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பது பிள்ளைகளை உட்கார வச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டிருக்கிறவ நான். தொண்டை கட்டியிருக்கு, பொறுத்துக்குங்க. ‘சிறுபிள்ளைகளோடு தேர்தலைப் பேசுவது எப்படி’ என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாமல் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘பிள்ளைங்களுக்கு எதுக்குங்க அரசியல்? மொதல்ல படிக்கட்டும்’ என்று நம்மிடம் சொல்வார்கள். படித்த நம்ம ஆட்களே சொல்வார்கள். ஊர்த்தெருவில் இருக்கிற பிள்ளைக்கு அஞ்சு வயசிலேயே திண்ணையில் உட்கார்ந்த தாத்தா அரசியல் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். எந்த வீட்டில் தண்ணி குடிக்கக் கூடாது, யாரை வா போ என்று கூப்பிடலாம், எந்தப் பக்கம் விளையாடப் போகக் கூடாது. இது அரசியல் இல்லாமல் வேறென்ன? நம்ம பிள்ளையும் அதே வயசில் அதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து படிக்கிறது. அறுபது வயசு ஆயாவை ஆறு வயசுப் பையன் ‘ஏய்’ என்று கூப்பிடுகிறதைப் பக்கத்தில் நின்னு பார்க்கிறது. நாம் பேசினாலும் பேசாவிட்டாலும் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, தோழர்களே. நம்முடைய விளக்கம் மட்டும்தான் அதில் இல்லாமல் இருக்கிறது.

நான் எங்க ஆயாவின் விரலிலிருந்துதான் தொடங்குவேன். எங்க ஆயா முதல் தேர்தலிலிருந்து ஓட்டர் பட்டியலில் இருந்தவள். ஆனால் நான் விவரம் தெரிந்து பார்த்த தேர்தல்களில் அவள் விரலில் மை இருந்ததில்லை. அன்னிக்குக் காலையில ஆண்டை வீட்டு ஆள் காலனிக்கு வந்து, ‘உங்க ஓட்டெல்லாம் ஆயிப்போச்சி, நடவுக்குப் போங்க’ என்று சொல்லிவிட்டுப் போவான். போய்விடுவார்கள். பிற்பாடு காலனிப் பிள்ளைகள் சிலபேர் படித்துவிட்டு வந்து, பூத்துக்கு ஏஜெண்டா உட்கார்ந்த தேர்தலில்தான் அவளுக்கு முதன்முதலாக மை வைத்தார்கள். அப்போது அவளுக்கு வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். ரெண்டு நாள் சாணி அள்ளமாட்டேன், பாத்திரம் தேய்க்கமாட்டேன் என்றுவிட்டாள். மை போய்விடுமாம். அது அத்தனை சுலபமா போகாது ஆயா, மைசூர்ல கர்நாடக அரசு கம்பெனியில செய்யற மை, 1962லேர்ந்து அதத்தான் வக்கிறாங்க என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ‘அப்ப அதுக்கு முன்னாடி ஆயாவோட ஓட்ட யாரு போட்டா?’ என்று கேட்கும். அங்கிருந்து பாடம் தானாக நடக்கும்.

பழைய வரலாற்றை ரொம்ப நீட்ட வேண்டாம். பிள்ளைகள் கொட்டாவி விடும். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து இருக்கிறவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. 1919இல் சவுத்பரோ குழு முன்னால் சாட்சி சொன்னதிலிருந்தே அண்ணல் அம்பேத்கர் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1928இல் சைமன் கமிஷன் முன்னால், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். 1951-52 தேர்தலில்தான் அது கிடைத்தது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டி மேலே சின்னத்தை ஒட்டியிருந்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கண் விரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்று நாடு யோசித்த ஒரு நேரம் அது. இவ்வளவு போதும்.

ரிசர்வ் தொகுதிதான் கஷ்டமான பாடம் என்று நான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234இல் 44 தொகுதி பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு. நாடாளுமன்றத்துக்கு நம்ம 39இல் 7. எண்ணிக்கை சொன்னால் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். ஆனால் ஒரு கேள்விக்கு அது பதில் ஆகாது: இத்தனை பேர் போயும் நம்ம தெருவுக்கு ஏன் ஒன்னும் வரவில்லை?

அதற்கு ஒரு விளையாட்டு வைத்தேன். இருபது பிள்ளைகளை நிற்க வைத்து, கையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தேன். நாலு பேரைத் தனியாக நிறுத்தி, ‘இந்த நாலு பேர்ல ஒருத்தர்தான் லீடர். ஆனா இருபது பேரும் ஓட்டுப் போடணும்’ என்றேன். லீடருக்கு என்ன வேலை என்றால், தண்ணிக் குழாய்க்கு யார் முதலில் போவது என்று முடிவு பண்ணுவது. நாலு பேரில் ஒருத்தன் வாய்ப்பேச்சுக்காரன், நியாயம் கேட்பவன். ஒருத்தி சண்டைக்காரி. இன்னொருத்தன் யார் என்ன சொன்னாலும் சரி என்கிறவன். நாலாவது பிள்ளைக்கு விளையாட்டே பிடிக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் சரி என்கிறவனுக்குப் பதினாலு கொட்டை. அந்த நாலு பேரில் மூணு பேர் போட்டது சண்டைக்காரிக்கு. மூணும் ஒன்றும் நாலு. தோற்றுப்போனாள்.

ஏன்டா அவனுக்குப் போட்டீங்க என்று கேட்டேன். எட்டு வயசுப் பையன் ஒருத்தன் சொன்னான்: ‘அவந்தாங்க்கா சொன்ன பேச்சக் கேப்பான்.’

தோழர்களே, பூனா ஒப்பந்தம் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்கு ரெண்டு ஓட்டு. பொதுத்தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து ஒன்று, நம்ம ஆளை நாமே மட்டும் தேர்ந்தெடுக்க இன்னொன்று. அந்த ரெண்டாவது ஓட்டு, விளையாட்டில் அந்த நாலு பேர் மட்டும் போடுகிற கொட்டை. அதைக் கேட்டுத்தான் அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். செப்டம்பர் 24இல் கையெழுத்து. 71 இடம் 148 ஆனது, ரெண்டாவது ஓட்டு போனது. முதல்கட்டத் தேர்தல் என்று ஒன்றைக் கொஞ்ச காலத்துக்கு வைத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. மாகாணம் மாகாணமாக நம்ம ஆட்கள் தாக்கப்படுவார்கள் என்கிற நிலையில், ஒரு உயிரைக் காப்பாற்ற வைக்கப்பட்ட கையெழுத்து அது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை, ‘சாப்புடாம இருந்தா ஓட்ட வாங்கிடலாமாக்கா? எங்கம்மா பாதி நாளு சாப்புடாமத்தான் இருக்குது’ என்றது. அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. இன்னிக்கும் இல்லை. வைத்திருக்கிற தோழர்கள் எழுதி அனுப்புங்கள்.

இந்த விளையாட்டு புரிந்த பிள்ளைக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் நாலும் புரியும். 1996இல் ரிசர்வ் ஆன மதுரை, விருதுநகர் மாவட்டத்து ஊராட்சிகள். வேட்புமனுவே போட விடமாட்டார்கள். இல்லையென்றால் ஊரே ஒருத்தரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். பத்து வருஷம் அப்படி ஓடி, 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்தது. ‘சொன்ன பேச்சக் கேக்கறவன்’ என்று என் பையன் சொன்னானே, அதன் கடைசி எல்லை அது. எழுதிக்கொடு என்றால் எழுதிக்கொடுக்கிறவன்.

மேலவளவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1996 தேர்தலில் ரிசர்வ் ஆகி, தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது. 2019 நவம்பரில் பதின்மூன்று பேரைத் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள். பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் எப்படிக் கொன்றார்கள் என்பதை நான் சொல்வதில்லை. ஏன் கொன்றார்கள் என்பதைச் சொல்வேன். இந்த வயசுக் கோட்டை நான்தான் போட்டேன், புத்தகம் பார்த்துப் போட்டதில்லை. ஒரு தடவை முழுதும் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்க ஒரு பையன் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று அழுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்க ஊராட்சி 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்றில் இருக்கிறது. தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ரிசர்வ். எங்க காலனியில் கூலிக்குப் போகிற ஒரு பெண் ஜெயித்தாள். துணைத்தலைவர் பதவிக்கு ரிசர்வ் கிடையாது, வார்டு மெம்பர்கள் தேர்ந்தெடுப்பது. அது ஊர்த்தெருவுக்குப் போனது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நம்ம மாணவர்கள் பலருக்குத் தெரியாது: ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் போடாவிட்டால் பல்பு வாங்கக்கூடக் காசு வராது. பாடப்புத்தகத்தில் ஊராட்சி பற்றி அழகாகப் படம் போட்டிருக்கும். தலைவர், துணைத்தலைவர், உறுப்பினர், கிராமசபை. இந்த ரெண்டாவது கையெழுத்து எந்தச் சாதிக்காரரின் கையில் இருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியாது.

அந்தத் தலைவரின் மகள் எங்கள் திண்ணையில் படிக்கிற பிள்ளை. அப்போது ஏழு வயசு. 2022 ஆகஸ்ட் 15. ஊராட்சித் தலைவர்தான் கொடியேற்ற வேண்டும், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அந்த மாதம் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்டத்துக்கும் கடிதம் எழுதியிருந்தார். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அதனால் இந்தத் தடவை ஒழுங்காக நடக்கும் என்று நம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிராமசபை பார்க்கப் போனேன். அதுதான் நான் போட்ட பாடத்திட்டம்.

தலைவரைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கழுத்தில் ஒரு சால்வை. துணைத்தலைவர் வந்து கயிற்றைப் பிடித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்பச் சாதாரணமாக நடந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை கத்தியது: ‘எங்கம்மாதான தலைவரு! எங்கம்மா இழுக்கட்டும்!’

சிலபேர் சிரித்தார்கள். கொழந்த சொல்லுது பாரு என்று துணைத்தலைவரும் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். பிள்ளை மறுபடி வாயைத் திறந்தது. நான் என் கையால் அதன் வாயைப் பொத்தினேன்.

நான்தான் அந்தப் பிள்ளைக்குத் தலைவர் என்றால் யார், கொடி யார் ஏற்ற வேண்டும் என்று முந்தின வாரம் சொல்லிக் கொடுத்தவள். வாயைப் பொத்தியதும் நான்தான். என்னைத் தாண்டிப் பிள்ளைகள் இருபத்தேழு பேர் அதைப் பார்த்தார்கள். அன்னிக்கு அவர்கள் படித்த பாடம் எது என்று நினைக்கிறீர்கள்?

அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மூணாம் நாள் ராத்திரி அவள் என் வீட்டுக்கு வந்தாள். ‘நீதான சொல்லிக் குடுத்த? நீ மாசச் சம்பளம் வாங்கற, நான் எங்க போவட்டும்?’ என்றாள். நியாயமான கேள்வி. நான் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவள், எனக்கு நடவு நின்றுபோகாது. தண்ணி கொடுத்தேன், குடித்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது வாசலில் நின்றுகொண்டு, ‘புள்ள வாய எதுக்குப் பொத்தின?’ என்றாள்.

தோழர்களே, இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவில்தான் நான் இப்போது பாடம் நடத்துகிறேன்.

அதிலிருந்து சிலதை மாற்றிக்கொண்டேன். உண்மையைப் பிள்ளையிடம் சொல்லும்போது, அதைத் தெருவில் சொன்னால் யாருடைய கூலி போகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மறைக்கச் சொல்வதில்லை, கணக்கைச் சொல்கிறேன். பிள்ளை அதைத் தாங்காது என்கிறீர்களா? கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிவருகிற பிள்ளைக்குத் தெரியாத கணக்கா? அப்புறம், நாம் பெரியவர்கள் பேச வேண்டியதைப் பிள்ளைகளைக் கொண்டு பேசவைப்பதை நிறுத்தினேன். இதை நம்ம இயக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு நீலத்துண்டு போட்டு, மேடையேற்றி, அதற்கு அர்த்தம் தெரியாத முழக்கத்தைச் சொல்லவைத்து நாம் கைதட்டுகிறோம். பெரிய கட்சிகள் நம்ம பிள்ளைகளுக்குச் சோத்துப் பொட்டலம் கொடுத்துக் கொடி பிடிக்கவைக்கிறார்கள் என்று கண்டிக்கிறோம். பிரச்சாரத்தில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று தேர்தல் ஆணையமே 2024 பிப்ரவரியில் மறுபடியும் உத்தரவு போட்டது. அந்தக் கண்டனம் நமக்கும் பொருந்தும். பிள்ளையோடு அரசியல் பேசுவது வேறு, பிள்ளையை வைத்து அரசியல் பேசுவது வேறு.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. அந்தப் பெண் நடவு தொடங்கினதுக்கு அப்புறம் ஒருநாள் சாயங்காலம் திண்ணைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ‘புள்ளைங்களுக்குச் சொன்ன அந்தக் கொட்டக் கணக்க எனக்கும் சொல்லு’ என்றாள். அப்புறம் தீர்மான நோட்டைக் கொண்டுவந்தாள். எழுதாத வெள்ளைப் பக்கத்தில் அவள் கையெழுத்து எத்தனை இடத்தில் இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இப்போது படித்துப் பார்த்துதான் போடுகிறாள். மெதுவாகப் படிப்பாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கும். 2023 ஜனவரி 26 அன்று அவள்தான் கயிற்றைப் பிடித்தாள். அதிகாரி ஒருத்தர் வந்திருந்தார், போலீஸ் ரெண்டு பேர் நின்றார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் போலீஸ் வரவில்லை, கயிறு மறுபடி கைமாறியது. இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல நான் வரவில்லை.

நம்ம பிள்ளைகள் எல்லாம் புரட்சிக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு முடிந்த வாரம் பிள்ளைகளே எங்கள் திண்ணையில் ஒரு தேர்தல் நடத்தினார்கள். நான் கிட்டே போகவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் முந்தின நாள் ராத்திரி வீடு வீடாகக் கமர்கட் கொடுத்திருக்கிறான். இன்னொருத்தன் ஒரு விளக்குமாத்துக் குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, அறுபது வயசுத் தலைவர் மாதிரி இருமி இருமிப் பேசினான். ‘தலைவருக்கு நாங்க நிக்கிறோம், நீங்கள்லாம் துணை’ என்று பொம்பளைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். காலனிக்குக் கடைசியில் நாலு அருந்ததியர் வீடு இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை நிற்கிறேன் என்றதும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுதான் விழவில்லை. அது போட்ட ஓட்டு ஒன்று மட்டும் இருந்தது.

ஊர்த்தெருவைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. நம்ம தெருவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரசியலில் ஒருத்தருக்கு ஒரு ஓட்டு, ஒரே மதிப்பு, ஆனால் சமூக வாழ்க்கையில் அது கிடையாது, இந்த முரண்பாட்டுக்குள்தான் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25இல் அம்பேத்கர் எச்சரித்தாரே, அது காலனிக்கு வெளியே மட்டும் நடக்கிற விஷயமா? மறுநாள் அதே புளியங்கொட்டையை எடுத்தேன். இந்தத் தடவை எல்லோரையும் நிற்கவைத்து, ‘நேத்து யார் யாருக்கு ஏன் போட்டீங்க, சொல்ல இஷ்டப்படறவங்க சொல்லுங்க’ என்றேன். ரகசிய ஓட்டு, சொல்லணும்னு கட்டாயம் இல்லை. அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. கமர்கட் வாங்கித் தின்ற ஒரு பிள்ளை மட்டும், ‘நான் தின்னுட்டு வேற ஆளுக்குப் போட்டேன்’ என்று பெருமையாகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும், தலைவரின் மகள் எழுந்து அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எதுவும் பேசவில்லை. எங்கேயிருந்து கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் மறுபடியும் தேர்தல். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டுப் பெட்டி தயாராகிவிட்டது. அவுரி நீலத்தைக் கரைத்து மை வைத்திருக்கிறார்கள். அந்த ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும் தலைவர் பதவிக்கு எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். ஒன்றுக்குக் குடம் சின்னம், இன்னொன்றுக்குச் சைக்கிள். யாருக்குப் போடுவீங்க என்று நேற்று கேட்டுப் பார்த்தேன், ‘அது ரகசியம்க்கா’ என்று விரட்டிவிட்டார்கள். வர முடிந்த தோழர்கள் வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிக்கை. உங்களுக்கு ஓட்டு கிடையாது.